கபுகோ வாசல் பெருக்குகிறாள்

மீனின் வயிற்றைக் கீறும்போது கபுகோவின் கண் மீனில் இருக்காது. கத்தி தானாகப் போகும். செதில் தெறிக்கும், குடல் வாளியில் விழும், கட்டைவிரல் செவுளைப் பிடுங்கி எறியும். கண் மட்டும் ஏரியில் நிற்கும். பேசுகிறவரிடம்கூட முகத்தைப் பாதிதான் திருப்புவாள். துறையில் மற்றப் பெண்கள் காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். அவளோ வெயில் கண்ணைக் குத்தினாலும் தண்ணீரைப் பார்த்துத்தான் உட்காருவாள். கேட்டால், "வெயிலு முன்னாடி வந்து அடிக்கும். தண்ணி அப்படி இல்ல, பின்னாடி வரும்" என்பாள்.

குட்டையான உடம்பு, படகு தள்ளிப் பழகிய தோள். காலில் செத்துப்போன புருஷனின் ரப்பர் பூட்ஸ். அது அவளுக்குப் பெரிது என்பதால் விரல் பக்கம் கிழிந்த வலைத்துண்டுகளை அடைத்து வைத்திருப்பாள். நடந்தால் சளக் சளக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் துறையோரத்து மொட்டைத்தலைப் பெருநாரைகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுக்கு அவள் வைத்த பெயர் 'கமிட்டி'. குடலைத் தூக்கிப் போடும்போது, பக்கத்தில் துறைக் கமிட்டித் தலைவர் தெம்போ நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, நின்றால் மட்டும் சத்தமாகச் சொல்வாள்: "ஒரு வேலையும் செய்யாதுங்க. பங்குக்கு மட்டும் மொதல் ஆளா நிக்கும்." தெம்போ காது கேளாதவர் மாதிரி மலையைப் பார்ப்பார். ருவென்சோரி மலை பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும். பார்க்க ஒன்றும் இருக்காது.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் தேசியப் பூங்கா. அந்தக் கல்லை மனிதர்கள் மதிக்க வேண்டும்; விலங்குகள் மதிக்க வேண்டியதில்லை. நீர்யானை இரவில் சந்து சந்தாக மேய்ந்துவிட்டு விடியலில் சுவரெல்லாம் சாணி தெளித்துப் போகும். காட்டெருமைகள் துறையின் சேற்றில் படுத்து அசைபோடும். யானை வந்து கொல்லைப்புறத்து மரவள்ளியைத் தின்றால் அது இயற்கை. கபுகோ எல்லை தாண்டி ஒரு சுமை விறகு பொறுக்கினால் அது குற்றம். அதனால் அந்த ஊருக்கு நிலம் என்று ஒன்று இல்லை, ஏரி மட்டும்தான். சோறு அங்கிருந்துதான் வர வேண்டும். சாவும் அங்கிருந்துதான் வருகிறது. காலையில் கதவைத் திறக்குமுன் கபுகோ ஒரு சட்டியைத் தட்டுவாள். வெளியே மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்பாள். பிறகு கதவைத் திறந்து, துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்குவாள்.

பெருக்குவதுதான் அவள் மேல் ஊருக்குள்ள வழக்கு.

படகுகள் ஏரியில் இருக்கும்வரை அந்த ஊரில் எந்தப் பெண்ணும் வாசல் பெருக்கமாட்டாள். அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டமாட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் போடமாட்டாள். இங்கே துடைப்பம் அசைந்தால் அங்கே படகு அசையும். இங்கே சாம்பலைக் கொட்டினால் அங்கே நீர்யானை எழும். மாலையில் போன ஆண் காலையில் கரை சேர்ந்த பிறகுதான் வீடு சுத்தமாகலாம்.

படகு திரும்பாவிட்டால்? மற்ற ஊர்களில் தேடப் போவார்கள். இங்கே முதலில் வீடு பார்ப்பார்கள். கமிட்டி ஆட்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியை வெளியே கூப்பிட்டு நிறுத்தி, பெருக்கினாயா, கொட்டினாயா, குளித்தாயா என்று கேட்பார்கள். குற்றம் வீட்டில் ஒளிந்திருக்கும்போது தேடப் போகிற படகும் கவிழும் என்பது அவர்கள் கணக்கு. அவள் ஒத்துக்கொண்டு, முகத்தில் சாம்பல் பூசிக்கொண்டு, ஒரு மாசம் துறைப்பக்கம் வரமாட்டேன் என்று சொல்லி, ஒரு சேவலும் கொடுத்தால் ஏரி தணியும். பிறகுதான் தெம்போ இன்ஜின் படகின் சாவியை இடுப்பிலிருந்து எடுப்பார். ஊருக்கு இருப்பது அந்த ஒரு இன்ஜின்தான்.

கபுகோவின் புருஷன் கூலே திரும்பாத காலையிலும் வந்தார்கள். பெருக்கினாயா? இல்லை. சாம்பல்? இல்லை. வேறு யாரோடாவது சிரித்துப் பேசினாயா? இல்லை. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். நல்லா யோசி என்றார்கள். அவள் யோசித்தாள், மறுபடி இல்லை என்றாள். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, வேறு வழி தெரியாமல் படகை அனுப்பினார்கள். கவிழ்ந்த படகின் அடிப்பலகையைக் கட்டிப் பிடித்தபடி கூலே செத்துக் கிடந்தான். மணலில் கிடத்தியதும் அவள் அவனுடைய அக்குளில் கையை விட்டுப் பார்த்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

கூலேயை நீர்யானை கவிழ்த்தது நிஜம். ஆனால் அவன் செத்தது, கமிட்டி வாசலில் நின்று அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில். ஊர் இதை வேறு மாதிரி முடித்துக்கொண்டது: அவள் ஒத்துக்கொள்ளாததால்தான் அவன் செத்தான். மூடநம்பிக்கை ஆடுகிற சூதாட்டத்தில் தாயம் எப்படி விழுந்தாலும் காய் அதற்குத்தான் பழமாகும்.

துக்கம் முடிந்ததும் கபுகோ துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். ஏரி முழுக்கப் படகுகள் இருக்கிற நேரம் பார்த்து, சந்தில் போகிறவர்கள் காண, சாவகாசமாகப் பெருக்கினாள். "அன்னிக்கு நான் துடைப்பத்தைத் தொடவே இல்ல. ஆனாலும் அவரு செத்தாரு. அப்போ துடைப்பம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். விதவையின் துடைப்பம் எந்தப் படகோடும் கட்டப்பட்டதில்லை என்று தெம்போ ஒரு விதி கண்டுபிடித்து, ஊரின் மானத்தைக் காப்பாற்றினார்.

கபுகோவின் மகன் மசெரேகா. மூன்றாவதாகப் பிறக்கிற ஆணுக்கு அங்கே அந்தப் பெயர்தான். மூத்தவர்கள் இருவரும் மலைச்சரிவில் காப்பித் தோட்டக் கூலிகள். அவனையும் மலைக்கு அனுப்பப் பார்த்தாள். அவன் போகவில்லை. கல்யாணம் செய்துகொண்டு, சந்துக்கு எதிர்ப்பக்கம் வீடு கட்டி, ஒரு படகில் பங்கும் வாங்கிவிட்டான். அன்றிலிருந்து கபுகோவின் தூக்கம் போயிற்று. நம்பிக்கை இல்லாதவளுக்குப் பயம் இருக்காது என்று யார் சொன்னது? வேண்டிக்கொள்ள ஆள் இல்லாததால் மொத்தப் பயத்தையும் தானே சுமக்க வேண்டியிருந்தது.

மருமகள் பீராவுக்கு அது ஏழாம் மாசம். மசெரேகா படகு ஏறியதும் முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்காருவாள். அவன் வரும்வரை முகம் கழுவமாட்டாள், தலையைச் சொறியமாட்டாள். "படகை ஓட்டுறது அவன். நீ ஏன் கல்லு மாதிரி உக்காந்திருக்கே?" என்று கபுகோ கத்துவாள். "பயமா இருக்கு அத்தை" என்பாள் பீரா. அதற்குமேல் கபுகோவால் ஒன்றும் சொல்ல முடியாது. அவளுக்கும் அதே பயம்தான். அவள் பெருக்கினாள், இவள் பெருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மழைக்குப் பிந்திய ஒரு காலையில் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கபுகோ ஜிலேபி மீன்களை ஆய்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு படகின் முனையையும் பார்த்தாள். மசெரேகாவின் படகுக்குப் பச்சை முனை. பச்சை முனை வரவில்லை. வலை உதறியாயிற்று, மீன் ஏற்றிப் போகிற வண்டியும் வந்து நின்றது. பச்சை முனை வரவில்லை. கடைசியாக வந்தவனிடம் கேட்டாள். விடியுமுன் மசெரேகாவும் கூட்டாளியும் கோரைக்காட்டு வளைவுப் பக்கம் துடுப்புப் போட்டதைப் பார்த்ததாக அவன் சொன்னான்.

கபுகோ கத்தியைக் கீழே வைத்தாள். கோரைக்காட்டு வளைவு நீர்யானைகள் குட்டி போடும் இடம். அங்கே வலை போடக்கூடாது என்று பூங்காவின் சட்டமும் சொல்கிறது, புத்தியும் சொல்கிறது. பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மசிகா தன் போனை எடுத்துப் பூங்காவின் ரோந்துப் படகுக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் ஏரியின் தெற்குக் கோடியில் இருந்தார்கள். வந்து சேர மத்தியானம் ஆகும் என்றார்கள்.

தெம்போ ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. கபுகோ நேரே போய், எங்கே தேட வேண்டும் என்றுதான் தெரிந்துவிட்டதே, சாவியைக் கொடுங்கள் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"வீடு பாக்கணும், கபுகோ."

"அதுக்கு நேரமில்ல, பெரியவரே."

"தேடப் போற ரெண்டு பசங்களும் நம்ம பசங்கதான். அவங்களையும் சேர்த்து முழுகடிக்கச் சொல்றியா? சட்டம் நான் போட்டதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்தார், இதே ஏரியில் தம்பியைத் தொலைத்தவர் அவர். அயோக்கியனாக இருந்தால் கபுகோ சாவியைப் பிடுங்கியிருப்பாள். நல்லவன் கையில் இருக்கிற மூடத்தனத்தைப் பிடுங்குவதுதான் கஷ்டம்.

படகில் போன இன்னொருவன் ஒண்டிக்கட்டை. அவனுக்குப் பார்க்க வீடு இல்லை. எல்லாரும் பீராவின் வாசலுக்குப் போனார்கள். அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பெருக்கினாயா என்று கேட்டார் தெம்போ. இல்லை மாமா என்றாள். சாம்பல்? இல்லை. தலைக்குத் தண்ணீர்? இல்லை. யாரையாவது மனசுக்குள் திட்டினாயா? அவள் திணறினாள். இல்லை என்றாள். ஒவ்வொரு இல்லைக்குப் பிறகும் கமிட்டி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தின் முனையில் ஏரி தெரிந்தது. வெயில் பட்டுத் தகரம் மாதிரி மின்னியது. கபுகோவின் கை அவளையறியாமல் இடுப்புத் துணியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டது.

"நல்லா யோசி" என்றார் தெம்போ.

"நான்தான்" என்றாள் கபுகோ.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவளுக்கு எதுவும் தெரியாது. இருட்டோட எந்திரிச்சு இவ வாசலை நான்தான் பெருக்கினேன். இவ அடுப்புச் சாம்பலையும் நான்தான் அள்ளிக் கொட்டினேன்."

அவர்கள் நின்றிருந்த வாசலில் கோழி எச்சம் காய்ந்து கிடந்தது. முந்தின நாள் மீன் செதில் காலில் ஒட்டியது. காட்டுப்பன்றி கிளறிப் போட்ட மண் மேடாகக் குவிந்திருந்தது. பெருக்காத வாசல் எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. வருஷக்கணக்காகத் துடைப்பமும் கையுமாக நின்றவளாயிற்றே. அவள் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது.

"அத்தை, நீங்க எப்ப..." என்று பீரா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு."

தெம்போ பெருமூச்சு விட்டார். அதற்கென்று ஒரு முறை உண்டு. ஏரியில் போனவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஒத்துக்கொண்டவள் மண்டியிட வேண்டும், மூத்தவர் ஒருவர் அவள் முகத்தில் சாம்பல் பூச வேண்டும். பெண்ணுக்கென்றே வைத்த சாம்பல் அது. அந்தத் துறையில் எந்த ஆணின் முகமும் அதைப் பார்த்ததில்லை. அவர் தொண்டையைக் கனைத்து முதல் பெயரை எடுப்பதற்குள் கபுகோ வீட்டுக்குள் புகுந்து, அடுப்பிலிருந்து இரண்டு கையாலும் சாம்பலை அள்ளி, நெற்றியிலும் கன்னத்திலும் அப்பிக்கொண்டு வெளியே வந்தாள். சூடு ஆறாத சாம்பல். கண் எரிந்து நீர் வழிந்தது. அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஒத்துக்கிட்டேன், பூசிட்டேன், ஒரு மாசம் துறையில கால் வைக்கமாட்டேன். சேவல் கூண்டுல இருக்கு, புடிச்சிக்கோங்க. இன்ஜினைக் கெளப்புங்க."

மண்டியிட்டுச் சொல்ல வேண்டிய வாசகத்தை, துறையை நோக்கி ஓடிக்கொண்டே சொன்னாள். பூட்ஸ் சளக் சளக்கென்றது. கமிட்டி பின்னால் ஓடியது. தெம்போ சாவியால் இன்ஜினின் பூட்டைத் திறந்தார். இரண்டு இளைஞர்கள் படகைத் தள்ளினார்கள். கயிற்றை இழுக்க இழுக்க இன்ஜின் இருமி, இருமி, கடைசியில் பற்றிக்கொண்டது.

இனி அவள் மணலில் நிற்கக்கூடாது. பாதை முடிகிற மேட்டில், கள்ளிமரத்தடியில் போய் நின்றாள். பீராவும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள். இன்ஜின் சத்தம் தேய்ந்து, நின்றே போயிற்று.

எதிர்க்கரையில் யானைகள் குட்டிகளோடு இறங்கித் தண்ணீர் குடித்தன. அவற்றைக் காட்டுவதற்காகச் சுற்றுலாப் படகு ஒன்று வேகம் குறைத்தது. கூழைக்கடாக்கள் ஒரு வரிசையாகத் தாழப் பறந்தன. மீன்கழுகு கத்தியது. படம் பிடிக்க வந்தவர்களுக்கு நல்ல காலைப்பொழுது. மேட்டில் முகமெல்லாம் சாம்பலோடு நின்ற பெண்ணையும் யாராவது படம் பிடித்திருக்கலாம். இந்த ஊரின் பழக்கம் என்று பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

கிட்டத்தில் ஒரு நீர்யானை மூச்சு விட்டது. கபுகோவின் உடம்பு தூக்கிப் போட்டது. தண்ணீரில் மிதந்த ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்து முன்னே இரண்டடி வைத்தாள். அது நீர்க்காகம். மூழ்கிப் போயிற்று.

"அத்தை" என்றாள் பீரா, மெல்ல. "வாசல் அப்படியேதானே கெடக்கு."

"தெரியும்."

"அப்போ பொய்யா சொன்னீங்க?"

"போன தடவை உண்மையைச் சொன்னேன்."

பீரா மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. கபுகோ கையை எடுக்கவில்லை.

இன்ஜின் சத்தம் முதலில் கேட்டது பீராவுக்குத்தான். பிறகு படகு தெரிந்தது. வெயிலுக்கு எதிரே வந்ததால் ஆட்கள் வெறும் நிழலாக இருந்தார்கள். கபுகோ தலைகளை எண்ணினாள். தப்பாக எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பீரா மணலில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

இருவரும் உயிரோடு இருந்தார்கள். குட்டியோடு இருந்த நீர்யானை அடியிலிருந்து முட்டியதில் பலகை பிளந்திருந்தது. கோரைத் திட்டு ஒன்றில் தொற்றி ஏறி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அது கிட்டே வரும்போதெல்லாம் துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டியிருக்கிறார்கள். திட்டு அமிழ்ந்துகொண்டே இருந்ததாம். கூட்டிவந்தவன் சொன்னான்: "நாங்க போறப்ப தண்ணி நெஞ்சு வரைக்கும் ஏறிடுச்சு. இன்னும் ஒரு சுருட்டு குடிக்கிற நேரம் தாமதிச்சிருந்தா, வலையை மட்டும்தான் கொண்டாந்திருப்போம்."

அந்தப் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். கபுகோ ஒத்துக்கொண்டாள், ஏரி விட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் சொல்ல, துறை முழுக்க அதே பேச்சாயிற்று. தெம்போ மேட்டுக்கே ஏறி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா கபுகோ? அன்னிக்கே நீ ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டிருந்தா, கூலேயும் இப்ப இருந்திருப்பான்."

கபுகோ அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி எந்தப் படகு தவறினாலும் எந்தப் பெண்ணின் வாசலிலும் தன் பெயரைத்தான் சொல்லப்போகிறார்கள் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. கபுகோவே ஒத்துக்கொண்டாளே, நீ என்ன என்று கேட்பார்கள். அவள் கொடுத்த பொய், கேட்டவர்கள் கையில் சாட்டையாகிவிட்டது. அவரைத் தாண்டி, மேட்டிலிருந்து கீழே இறங்கினாள்.

துறையில் கால் வைக்கக்கூடாது என்று யாரோ பின்னாலிருந்து நினைவூட்டினார்கள். அவள் நடந்தாள். கூட்டம் வழி விட்டது. மசெரேகா படகின் விளிம்பில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோளில் யாரோ போர்த்திய துணி, முழங்காலில் இரத்தம். அவள் முதலில் அவன் அக்குளில் கையை விட்டாள். குளிர்ந்திருந்தது, உள்ளே துடித்தது. கையை வெளியே எடுத்தாள்.

"வலையை எங்க போட்டே?"

அவன் தலையைக் குனிந்தான். "கோரைக்குள்ள. வெளியில மீனே இல்லம்மா."

"குட்டி இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

கபுகோ குனிந்து ஏரியில் உள்ளங்கையை நனைத்தாள். தன் நெற்றியிலும் கன்னத்திலும் காய்ந்திருந்த சாம்பலை அந்த ஈரத்தில் கரைத்து, சுத்தமாக வழித்தெடுத்தாள். மகனின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, துறை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் நெற்றியில் பூசினாள்.